வியாழக்கிழமை மூடுபனி

பழைய லேப்டாப்பை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எப்போதும் சொல்வேன். தூசியைத் தட்டி, ஃபேனைத் துடைத்து, சில்லின் சூட்டைத் தணிக்கப் பூசியிருக்கும் காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினால் இன்னும் நாலு வருடம் ஓடும். என் பேச்சை நம்பி எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்து திட்டியதில்லை. பதினாலு வருடமாக ஒரே கடை, ஒரே மேஜை. நீங்கள் கேட்கிற விஷயத்தையும் அந்த மேஜையிலிருந்துதான் தொடங்குவேன். வேறு எங்கே தொடங்கினாலும் நான் ஏதோ உட்கார்ந்து திட்டம் போட்டவள் போலத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, சரிசெய்யும் செலவைக் கேட்டுவிட்டு உதடு பிதுக்கி, கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். மூடியில் விரிசல். உள்ளே தனி வீடியோ கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சில்லுதான் படம் வரைய வேண்டும். அதற்கென்று சொந்த நினைவகம்கூட இல்லை, கணினியின் நினைவகத்தில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு பிழைக்கும். முதலாளி அதைப் பார்த்து, "உதிரிபாகத்துக்குப் பிரிச்சுப் போட்டுடும்மா" என்றார். நான் வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

தம்பிக்காகத்தான் கேட்டேன். அவனைப் பற்றி உங்கள் காகிதங்களில் இருப்பது பெயரும் வயதும் நோயும் மட்டும். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபது வயது, அவனுக்குப் பத்து. அப்பாவும் அம்மாவும் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு உறவினர் ஒருவரைப் பார்க்கக் காரில் கிளம்பினார்கள். எனக்குப் பரீட்சை, வீட்டில் இருந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வந்துவிடுவதாகப் பேச்சு. வரவில்லை. வீட்டில் இருந்த ஒரே போன் செத்துக் கிடந்தது என்பது எனக்குத் தெரியாது. முதல் நாள் நாலு பேருக்குச் சமைத்து மூடி வைத்தேன். இரண்டாம் நாளும் நாலு பேருக்கே சமைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டியவர் ஒரு போலீஸ்காரர், உங்களைப் போலவே கையில் நோட்டோடு. அந்த இரண்டு நாளைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. யாருமில்லாத வீடு எவ்வளவு சத்தம் போடும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

தம்பி மட்டும் பிழைத்தான். தலையில் அடி, அதிலிருந்து வலிப்பு. ஆறு வருடம் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்து, பதினாறு வயதில் ஒருவழியாக அடங்கியது. அதற்குப் பிறகு சாதாரணமாகத்தான் இருந்தான். வீடியோக்களுக்கு அடியில் ஓடும் வசனங்களைத் தட்டச்சு செய்கிற வேலை, வீட்டிலிருந்தே. நன்றாகச் சிரிப்பான். ஆனால் தனியாக இருக்கப் பயப்படுவான். இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்ன வயதில் அப்பா அவனுக்கு டிவியில் செருகி விளையாடும் கருவி ஒன்று வாங்கித் தந்திருந்தார். அதில் அவன் உயிரை விட்டு விளையாடியது ஒரே விளையாட்டு. படகோட்டி ஒருவன் பன்னிரண்டு தீவுகளுக்குப் போய் ஒவ்வொன்றிலும் விளக்கேற்ற வேண்டும். ஏழு தீவு முடித்திருந்தபோதுதான் விபத்து. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கருவி புகைந்து போயிருந்தது. இருபத்து நாலு வயதிலும் அந்தப் படகுப் பாட்டை விசிலடித்துக்கொண்டுதான் பல் தேய்ப்பான்.

அந்தக் கருவி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் கருவியைப் போலவே கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள் இருக்கிறது, எமுலேட்டர் என்பார்கள். நல்ல கணினியில் அது வெண்ணெய் மாதிரி ஓடும். பழைய சில்லில் ஓட வைப்பது பெரும் பாடு. எனக்கு வாரத்தில் வியாழக்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு பேரும் அவன் அறைக்குள் உட்கார்ந்துவிடுவோம். திரை மங்கல் என்பதால் ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டும். முதல் வாரம் வானமே இல்லை, கன்னங்கரேல் என்று இருந்தது. சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு மாற்றினேன், வானம் வந்தது. அடுத்த வாரம் படகோட்டியைக் காணோம்.

"அக்கா, இவனுக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் இருக்கு" என்றான் தம்பி.

"மீதியை அடுத்த வாரம் வாங்கித் தரேன்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். சொன்னபடியே வாங்கிக் கொடுத்தேன். எமுலேட்டரின் உள்ளே படம் வரைகிற பகுதி மட்டும் தனியாக இருக்கும். அதன் மூன்று பழைய பதிப்புகளைத் தேடிப் பிடித்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் சட்டை வந்தது, பிறகு கால், கடைசியில் தொப்பி. எனக்கு வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மாதம் இருந்ததில்லை.

எட்டாவது தீவுக்கு முன்னால் மூடுபனி. அங்கேதான் அந்தச் சில்லால் முடியவில்லை. பனியைக் காட்ட, ஏற்கெனவே வரைந்த படத்தை நகலெடுத்து அடுத்த படத்தின்மேல் மெல்லிசாகப் பூச வேண்டும். அந்த நகலெடுக்கிற வேலை இந்தச் சில்லுக்குத் தெரியாது. அதனால் ஒரு படத்துக்கு முழு வெள்ளை, அடுத்ததற்கு முழுக் கறுப்பு என்று மாற்றி மாற்றித் துப்பியது. நொடிக்குப் பதினைந்து முறை. நான் "ஐயே, இதென்ன" என்று சொல்லி முடிப்பதற்குள் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா, பயமா இருக்கு" என்றான். பிறகு அவன் கண் மேலே போனது.

எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த வலிப்பு. கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. நான் லேப்டாப்பை மூடினேன், அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தலைக்குக் கீழே என் கையைக் கொடுத்தேன். நினைவு வந்ததும் முதலில் கேட்டது, "நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?" என்பதுதான். வலிப்பு வந்தால் அதற்கு முந்தைய பத்து நிமிடமும் அவனுக்கு அழிந்துவிடும், எப்போதுமே அப்படித்தான். நான் ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். துணி மடிச்சிட்டு இருந்தடா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், விளையாட்டால் வந்தது என்று தெரிந்தால் அதை விட்டுவிடுவான், வியாழக்கிழமை மத்தியானங்கள் போய்விடும். ஒரு நல்ல காரணத்துக்காகச் சொன்ன சின்னப் பொய். டாக்டரும் கேட்டார், மின்னுகிற விளக்கு, திரை ஏதாவது பார்த்தானா என்று. இல்லை என்றேன். ஒருமுறை துணி மடித்தாகிவிட்டது, மாற்றிச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. கடையில் கிடைத்த நேரமெல்லாம் அந்த மூடுபனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. எங்கோ ஓர் இணையக் குழுவில் யாரோ பல வருடம் முன்பு எழுதியிருந்த நாலு வரியில் பதில் கிடைத்தது. அமைப்புகளில் மூன்றாவது பக்கத்தில், கடைசிக்கு முந்தைய கட்டத்தில் ஒரு டிக் போட்டால், பனியை மட்டும் சில்லிடம் கொடுக்காமல் கணினியின் மூளையே வரைந்துவிடும். படகு கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆனால் பனி அசல் பனி மாதிரி சாதுவாக இறங்கும். டிக் போட்டேன். நூறு முறை ஓட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தம்பி கையில் கொடுத்தேன். அவன் வலிப்பை நிறுத்தியவள் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருடம் ஒன்றுமே வரவில்லை. தோளுக்காக வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குப் போனான். அங்கே இருந்த பெண்ணைத்தான் நீங்கள் நேற்று விசாரித்திருக்கிறீர்கள். தோள் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது, ஆனால் பிசியோதெரபி நிற்கவில்லை. அந்தப் பெண் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தாள். வந்தால் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விடுவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். வசனம் எழுதும் அலுவலகம் அவனைத் தங்கள் ஊருக்கே வரச் சொன்னது, ரயிலில் ஒரு பகல் தூரம். முதல் தேதி போகிறேன் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், உப்பு குறைச்சல் என்று சொல்வது போல.

"தனியாவா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. நல்லாத்தானே இருக்கேன்."

நல்லாத்தான் இருந்தான். அதுதான் எனக்குப் பயம். அவன் நன்றாக இருப்பது எதனால்? மாத்திரையாலா, அந்த ஒரு டிக்காலா? டிக்கால் என்றால் அந்த ஊரில் யார் அவனுக்கு எல்லாத் திரையையும் சரிபார்த்துக் கொடுப்பார்கள்? ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டோம் என்று அடித்துச் சொல்ல வேண்டுமென்றால், சரிசெய்ததை ஒரு முறை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு திரும்ப வந்தால்தான் நாம் தொட்ட இடம் சரியான இடம். தொழிலில் அதுதான் முறை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவன் கிளம்புவதற்கு முந்தைய வியாழக்கிழமை காலையில், அவன் குளிக்கும்போது, டிக்கை எடுத்தேன்.

மத்தியானம் தயாராகத்தான் உட்கார்ந்தேன். மேஜையைக் கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டிருந்தேன். தரையில் மெத்தை விரித்திருந்தேன். தலையணை என் மடியில். தோள் மறுபடி இறங்கிவிடக் கூடாதே என்று அவனுக்கு வலப்பக்கமாக உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு ஏற்பாடு செய்கிறவள் கெடுதல் நினைப்பாளா என்று நீங்களே யோசியுங்கள். கடைசித் தீவுகளில் விளக்கேற்றிவிட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்று, எப்போதும் போலப் பழைய தீவுகளையே திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான். எட்டாவதுக்குப் போகலாமே என்றேன். போனான். பனி வந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை தேடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா, பயமா இருக்கு."

"நான் இருக்கேன்டா. அக்கா இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தை அவனுக்கு நினைவிருக்காது. நினைவு திரும்பும்போது அது அழிந்திருக்கும். எனக்கு மட்டும்தான் இருக்கும். உலகத்தில் என்னை நம்பி ஒருவன் சொன்ன வார்த்தை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அடங்கிவிட்டது. டிக்கைத் திரும்பப் போட்டேன். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு டாக்டருக்குப் போன் செய்தேன். இந்த வரிசையில்தான் எப்போதும் செய்தேன், ஒரு முறையும் தவறியதில்லை. "நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?" என்று கேட்டான். சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தே என்றேன். ஆறு மாதம் தனியாகப் பயணம் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அலுவலகம் பரவாயில்லை, வீட்டிலிருந்தே செய் என்றது. தம்பி அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது, மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் உடம்பு தேறத் தேற எனக்குப் பயம் ஏறும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஆரம்பிப்பான். ரயில் நேரம் பார்ப்பான். அலமாரியில் சட்டையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அவன் வெளியே போயிருக்கும் சாயங்காலங்களில் சமையலறையில் நிற்பேன், அந்தப் பழைய சத்தம் மறுபடி கேட்கும். குழாய், குளிர்சாதனப் பெட்டி, சுவர்க் கடிகாரம், ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒரு நாள் எதிர்வீட்டு டீச்சரம்மா ஏதோ கேட்க வந்து, "ஏம்மா இப்படி வெளிறிப் போயிருக்கே?" என்றார். தம்பிக்குத் தனியா இருக்கப் பயம், அவனைப் பத்திதான் கவலை என்றேன். அது பொய்யில்லை.

பதினாலு மாதத்தில் ஏழு முறை. அடிக்கடி இல்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்பட்டபோது மட்டும்தான். ஒவ்வொரு முறையும் மெத்தை, தலையணை, நான். அவனுக்கு ஒரு நகக்கீறல்கூட விழுந்ததில்லை. ஏழாவது முறை நாக்கைக் கடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அந்தப் பெண்தான் நோட்டுப் போட்டாள். வலிப்பு வந்த நாள், நேரம், என்ன செய்துகொண்டிருந்தான், எல்லாம் எழுதி வைக்க டாக்டர்கள் சொல்வார்கள் இல்லையா, அதை அவள் எழுதி வைத்தாள். ஒரு நாள் சமையலறைக்கு வந்து, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அக்கா, ஏழுமே வியாழக்கிழமை. ஏழுமே மத்தியானம். நீங்க வீட்ல இருக்கிற நாள்."

"நான் இருக்கிறதால பொழைச்சான்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றாள். துடைத்த தட்டு ஒன்றை வாங்கி அடுக்கினாள். "அந்தப் படகு கேம் விளையாடும்போது வருதோ?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அறையிலிருந்து தம்பி குரல் கொடுத்தான். ஒன்றரை வருஷம் அதைத்தானே விளையாடினேன், ஒண்ணும் வரலையே, அக்கா எல்லாத்தையும் சரி பண்ணிட்டா என்றான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் போகும்போது என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எனக்கு வீட்டுக்குள் நடக்கவே பயமாக இருந்தது. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் பயம். அவள் செருப்பு வாசலில் இருந்தால் பயம். இல்லாவிட்டால் அவனை எங்கே அழைத்துப் போயிருக்கிறாள் என்று பயம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் தம்பி சொன்னான், திங்கட்கிழமை போகிறோம் என்று. போகிறேன் இல்லை, போகிறோம். அவளுக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. டாக்டரிடம் அவளே பேசிவிட்டாள், துணைக்கு ஆள் இருப்பதால் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். "அக்கா, நீயும் வா, கொஞ்ச நாள் கழிச்சு" என்றான். கொஞ்ச நாள் கழித்து என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

எப்போதும் வியாழக்கிழமை காலையில்தான் டிக்கை எடுப்பேன். அந்தத் தடவை புதன்கிழமை சாயங்காலமே, அவன் அவளை வழியனுப்பத் தெருமுனை வரை போயிருந்தபோது, எடுத்துவிட்டேன். பயம் என்றால் எனக்கு அப்படி ஒரு பயம். இந்த ஒரு விஷயத்தில் ஒழுங்கை மீறிவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதலாளி கூப்பிட்டார். ஓர் அலுவலகத்தில் இருபது கணினி ஒரே நேரத்தில் படுத்துவிட்டன, தலைக்கு மேல் வேலை, விடுமுறை என்று பார்க்காமல் வா என்றார். போனேன். தம்பி நான் இல்லாமல் அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை, மூன்று வருடத்தில் ஒரு முறைகூட. பிறகு எதற்கு வீட்டில் டிக்கைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்? ஒரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று நினைத்தேன். வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டான். "சீக்கிரம் வாக்கா" என்றான். அவனுக்கு என்னமோ அவசரம் இருந்தது, எனக்கு அது அப்போது புரியவில்லை.

நீங்கள் வாசித்துக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். பதினொன்றரைக்கு அந்தப் பெண்ணிடம் போனில் சொல்லியிருக்கிறான், நான் வருவதற்குள் பன்னிரண்டு தீவையும் முடித்து வைக்கப் போகிறேன், அக்கா வந்ததும் கடைசி விளக்கை மட்டும் அவளை ஏற்றச் சொல்லணும் என்று.

ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தேன். டீச்சரம்மா வாசலில் இருந்தார், நேரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கூடத்திலிருந்து பார்த்தபோதே அவன் அறைச் சுவர் வெளுத்துக் கறுத்து வெளுத்துக் கறுத்துக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். பாட்டுகூட நின்றுவிட்டிருந்தது, பனியில் பாட்டு கிடையாது. கட்டிலில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறான். முன்பக்கமாகச் சாய்ந்து, முகம் தலையணையில் புதைந்து கிடந்தான். மெத்தை விரித்திருக்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க யாரும் இல்லை. நான் கூப்பிட்டேன். கையைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

இங்கேதான் நீங்கள் மூன்று முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டீர்கள். அவனைத் திருப்பினேனா, டிக்கைப் போட்டேனா, எது முதலில் என்று. எமுலேட்டர் தன் அமைப்புகளை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும், கடைசியாக மாற்றிய நேரம் அதன் மேலேயே இருக்கும். பதினாலு வருடம் இதே தொழிலில் இருக்கிறவள் நான், எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஒன்று முப்பத்தாறுக்கு டிக் விழுந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் ஒன்று முப்பத்தொன்பதுக்கு. ஆம், முதலில் டிக். பிறகு ஜன்னல் திரையைத் தள்ளினேன். மேஜையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். பிறகுதான் அவனைத் திருப்பினேன். வாயைத் துடைத்தேன். அந்த மூன்று நிமிடத்தில் அவனுக்கு உயிர் இருந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை என்கிறீர்கள். என்னாலும் முடியாது. எனக்கு மரத்துப்போயிருந்தது. எப்போதும் செய்கிற வரிசையில் செய்தேன்.

நீங்கள் கேட்டபடி நேராகவே சொல்லிவிடுகிறேன். எட்டு முறையும் டிக்கை எடுத்தது நான்தான். எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே எடுத்தேன். டாக்டரிடம் பொய் சொன்னது நான்தான். அவனுக்கு நினைவில்லாத பத்து நிமிடங்களை ஒவ்வொரு முறையும் நானே இட்டுக்கட்டிக் கொடுத்தேன். என் தம்பி என்னால்தான் செத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நான் வீட்டில் இருந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் தவறு, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஊருக்குப் போவதை ஒரு வருடத்துக்கு மேலாக ஏன் தள்ளிப்போட்டாய், வலிப்பாலா என்று அவள் கேட்டாளாம். அதற்கு அவன், "அதுக்கில்ல. அக்காவுக்குத் தனியா இருக்கப் பயம். அவ பாவம்" என்றானாம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த அன்றைக்கே வேறு யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு போயிருக்க முடியும், எனக்காகத்தான் போகவில்லை என்றானாம். அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். பயம் அவனுக்குத்தான். ஒன்பது முறை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். இல்லை, எட்டு முறை. ஒன்பதாவது முறை யாரிடம் சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

நோட்டை மூடுகிறீர்கள். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஆனால் இவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள், இன்னும் எத்தனையோ இருக்கிறது. அவன் பதினாறு வயது வரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டான் என்று நீங்கள் கேட்கவில்லை. கடையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே உங்கள் ஆட்கள் கிளம்புகிற சத்தம் கேட்கிறது, விளக்கை அணைக்கிறார்கள் போலிருக்கிறது. அவசரமில்லை, உட்காருங்கள். வேறு ஏதாவது வழக்கு முடியாமல் கிடந்தால் அதையும் கேளுங்கள். நான் செய்யாததாக இருந்தாலும் பரவாயில்லை, ஒப்புக்கொள்கிறேன்.